மறுமணமும் மாதப் பணமும்

கணவரை இழந்த பெண்மணி ஒருவர் மறுமணம் செய்துகொள்ளத் திருச்சபைச் சட்டத்தில் தடையில்லை; நாட்டுச் சட்டத்திலும் தடையில்லை. ஆயினும், அடையாறு போன்று ஓய்வு பெற்ற அரசு ஊழியர் மிகுந்து வாழும் பகுதிகளில், இப்பேச்சு எழுந்தவுடன் கூடவே எழும் கேள்வி ஒன்றுண்டு: “பென்ஷன் நின்றுவிடுமே!”

அச்சம் வீணானதன்று. மத்திய அரசின் விதிப்படி, இறந்த ஊழியரின் மனைவிக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம் அவரது மறுமணத்தோடு நின்றுவிடும். தனியார் நிறுவனத் தொழிலாளருக்கான 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்திலும் இதுவே விதி. தமிழக அரசு 1975 முதல் ஆதரவற்ற விதவைகளுக்கு வழங்கிவரும் உதவித்தொகையும் மறுமணம் செய்தவருக்கு இல்லை. அதே அரசு, டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரால் விதவை மறுமணத்துக்கு நிதியுதவியும் அளிக்கிறது. ஒரு கை ஊக்குவிக்க, மறு கை பறித்துக்கொள்கிறது!

எனவேதான் சிலர் இரு குறுக்கு வழிகளை நாடுகின்றனர். “கோயிலில் மட்டும் மணம் முடிப்போம், சர்க்காருக்குத் தெரிய வேண்டாம்” என்பது ஒன்று. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, கோயிலில் நிகழும் திருமணமே சட்டத் திருமணம். பங்கின் திருமண ஏட்டில் ஒப்பமிட்ட பின் அதனை மறைத்து ஓய்வூதியம் வாங்கினால், பெற்ற பணத்தைத் திருப்பிச் செலுத்த நேரிடும், அது நேர்மையுமன்று.

மணமின்றியே ஒரே வீட்டில் வாழ்வது மற்றொன்று. இதனால் ஓய்வூதியம் காக்கப்படுவதுபோல் தோன்றும். ஆனால் நாளை அந்த மனிதர் கண்மூடினால், அவருடைய குடும்ப ஓய்வூதியத்தில் இப்பெண்ணுக்கு என்ன உரிமை? மனைவி என்று காட்டச் சான்றில்லை. முறையாக மணந்திருந்தாலோ நிலைமை வேறு. ஓய்வு பெற்ற பின் மணந்த மனைவிக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டென உச்ச நீதிமன்றம் 1989-இல் பகவந்தி வழக்கில் தீர்ப்பளித்தது. முதற் கணவரின் ஓய்வூதியம் போயினும், இரண்டாம் கணவருக்குப் பின் அவருடையது கிட்டக்கூடும். இக்கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதில்லை.

பிள்ளைகளின் பங்கும் அழிந்துவிடுவதில்லை. தாய் மறுமணம் செய்தால், மத்திய அரசு விதிப்படி ஓய்வூதியம் தகுதியுள்ள பிள்ளைகளுக்குச் செல்லும். 1995-ஆம் ஆண்டுத் திட்டத்திலோ, பிள்ளைகள் அநாதைப் பிள்ளைகளுக்குரிய உயர்ந்த விகிதத்தில் பெறுவர்.

பிள்ளையில்லாத விதவைக்கு மற்றொரு சலுகை உண்டு. ஆறாம் ஊதியக் குழுவின் பரிந்துரையை ஏற்று மத்திய அரசு 2008-இல் பிறப்பித்த ஆணைப்படி, அவர் மறுமணம் செய்தபின்னும் குடும்ப ஓய்வூதியம் தொடரும். அவருடைய பிற வருமானம் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமும் அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையை எட்டலாகாது என்பதே நிபந்தனை. மத்திய அரசு ஊழியரின் மனைவியர் எத்தனை பேர் இதனை அறிவர்?

பிரிட்டனில் பழைய விதவை உதவித்தொகை, ஒருவரோடு மணமின்றிச் சேர்ந்து வாழ்ந்தாலும் நிறுத்தப்பட்டது. 2017 ஏப்ரலில் அங்கு வந்த புதிய உதவித்தொகையோ, மறுமணத்தாலும் நிற்பதில்லை. இறந்தவரின் உழைப்பால் வந்த பணம், உயிரோடிருப்பவரின் தனிமைக்கு விலையாகக் கூடாது. பிள்ளையில்லாதவருக்கு இங்கு அளித்த சலுகையை மற்றக் கைம்பெண்களுக்கும் நீட்டினால் என்ன?

அதுவரை செய்யத்தக்கது இதுவே. முடிவெடுக்குமுன் ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுதி, எழுத்து மூலமாகவே பதில் பெறுங்கள். இரு தரப்புக் கணக்கையும் தாளில் எழுதிப் பாருங்கள். பிள்ளைகளும் உறவினரும், தாயின் துணையை அவளுடைய பென்ஷனைக் கொண்டு நிறுக்காதிருப்பார்களாக. பணம் குறையலாம், மறைந்து வாழும் அச்சமோ நாள்தோறும் வளரும்.