ஒத்தி எடுத்த வாழ்த்து

சிவகாசி அச்சில் பொங்கல் வாழ்த்து தபாலில் வந்த காலம் போய், இப்போ ஒரே படம் பத்துப் பேரிடமிருந்து செல்போனில் வருது. யார் பார்க்கிறோம்? ஜெல் பிளேட்டில் நாமே அச்சடிப்போமே!

கடைப் பிளேட் எதுக்கு? 4 மேஜைக்கரண்டி ஜெலட்டினை 1 கப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்து, மெடிக்கல் ஷாப் கிளிசரின் 1 கப் சேர்த்து, கொதிக்காமல் சூடாக்கித் தட்டில் ஊற்றினால் இறுகிவிடும். அக்ரிலிக் பெயிண்டை ரோலரால் மெல்லிசாகத் தேய்த்து, குற்றாலம் ரோட்டில் உதிர்ந்த அரசிலையை நரம்புப்பக்கம் கீழாக வைத்து, காகிதத்தால் ஒத்துங்கள். இலை வெள்ளையாக விழும். இலையை எடுத்துவிட்டு உடனே இன்னொரு காகிதம்: நரம்பெல்லாம் தெரியும்! அந்த இரண்டாவதைத்தான் அனுப்பணும். எங்க ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது; அரசிலை தெரியும்.

முறுகிய சருகு பிளேட்டைக் கீறிவிடும். கீறினாலும் என்ன, உருக்கி மறுபடி ஊற்றலாம்.