ஒவ்வொருவரும் ஓர் ஆசிரியர்

தகவல் சாதனங்களைப் பற்றிப் பள்ளியில் எதற்காகப் படிக்க வேண்டும் என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. வீட்டில் தாத்தா மட்டுமே செய்தித்தாளைப் புரட்டுகிறார். வானொலி வாகனத்தில் செல்லும்போது மட்டும் ஒலிக்கிறது. தொலைக்காட்சியின் முன் அமரும் நேரத்தைவிடத் திறன்பேசியைப் பார்க்கும் நேரமே அதிகம். வேண்டிய செய்தி தானாகவே திரைக்கு வந்துவிடுகிறது. அப்படியிருக்க, செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் பங்கை ஆராய்வது பழங்கதை பேசுவது போன்றது என்பது அவர்களின் கருத்து.

இந்தக் கருத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. செய்தி வந்து சேரும் வழி மாறிவிட்டது. ஆனால், சமூகத்தில் செய்தி செய்யும் வேலை மாறவில்லை. அது மக்களை ஒன்றுசேர்க்கும், பிரிக்கவும் செய்யும். முன்பு அந்த ஆற்றல் சில பத்திரிகை ஆசிரியர்களின் கையில் இருந்தது. இன்று திறன்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரின் கையிலும் இருக்கிறது. ஆகவே, தகவல் சாதனங்களைப் பற்றிய பாடம் முன்பைவிட இப்போதுதான் மாணவர்களுக்கு அதிகம் தேவைப்படுகிறது.

ஒரு செய்தித்தாள் ஒரு சமூகத்தை எவ்வாறு உருவாக்கும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே சான்று உள்ளது. 1935ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6ஆம் நாள் ‘தமிழ் முரசு’ வார இதழாகத் தொடங்கப்பட்டது. தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் இதழாகப் பிறந்த அதனைப் பின்னர் நாளிதழாக வளர்த்தவர் கோ. சாரங்கபாணி. அக்காலத்தில் இங்கு வாழ்ந்த தமிழர்களுள் துறைமுகத் தொழிலாளர்கள் இருந்தனர், கடைக்காரர்கள் இருந்தனர், அரசாங்க எழுத்தர்களும் இருந்தனர். ஊர், சாதி, சமயம் என்று அவர்கள் பல பிரிவுகளாக வாழ்ந்தனர். அவர்கள் எல்லாரையும் ‘தமிழர்’ என்ற ஒரே பெயரால் அழைத்துப் பேசியது அந்த இதழ். 1952இல் தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டபோது, வெவ்வேறு பிரிவினர் ஒரே மேடையில் கூடுவதற்கு அதன் எழுத்துகள் துணைநின்றன.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிவந்தது. அங்கு இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அதில் எந்த மொழியைக் கற்பிப்பது என்ற கேள்வி எழுந்தது. இந்நாட்டு இந்தியர்களுள் பெரும்பாலோர் பேசும் தமிழே கற்பிக்கப்பட வேண்டும் என்று தமிழ் முரசு தொடர்ந்து எழுதியது. அதோடு நின்றுவிடாமல், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதியும் திரட்டியது. சாதாரணத் தொழிலாளர்களும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். 1956இல் அத்துறை தொடங்கப்பட்டது. தாம் ஒருபோதும் கால்வைக்க முடியாத பல்கலைக்கழகத்தில் தமிழ் ஒலிக்க வேண்டும் என்பதற்காகத் தொழிலாளர்கள் காசு கொடுத்தார்கள் என்றால், அதற்கு அவர்கள் படித்த அல்லது பிறர் படிக்கக் கேட்ட செய்தித்தாளே முதன்மைக் காரணம்.

அதே இதழ் மாணவர்களையும் மறக்கவில்லை. ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியை அது அவர்களுக்காகவே ஒதுக்கியது. அதில் எழுதிப் பழகிய மாணவர் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் உயர்ந்தனர். இந்த மண்ணைத் தாயகமாக ஏற்றுக் குடியுரிமை பெறுமாறு மக்களைத் தூண்டியதும் அந்த இதழே. இவ்வாறு, நேற்று நடந்ததைத் தெரிவிப்பதோடு, நாளை எப்படி வாழலாம் என்று காட்டுவதும் ஊடகத்தின் பணியாக இருந்தது.

எனினும், ஊடகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துப் புகழ்வது சரியாகாது. அதே காலக்கட்டத்தில், அதே சிங்கப்பூரில், செய்தித்தாள்கள் பெருந்தீங்குக்கும் துணைபோயின. 1950ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நிகழ்ந்த மரியா ஹெர்டோக் கலவரம் அதற்குச் சான்று. மரியா டச்சுப் பெற்றோருக்குப் பிறந்து, மலாய்த் தாய் ஒருவரால் இஸ்லாமிய முறைப்படி வளர்க்கப்பட்ட சிறுமி. அவர் யாருடன் வாழ வேண்டும் என்ற வழக்கு நீதிமன்றத்தில் நடந்தது. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அவர் கிறிஸ்துவக் கன்னிமாடம் ஒன்றில் தங்கவைக்கப்பட்டார். அங்கு எடுக்கப்பட்ட அவருடைய படங்களைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. அவை பலருடைய சமய உணர்வைப் புண்படுத்தின. டிசம்பர் 11ஆம் நாள் கலவரம் மூண்டது. 18 பேர் உயிரிழந்தனர். 173 பேர் காயமடைந்தனர்.

இந்த நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தப் படங்கள் பொய்யானவை அல்ல. அவை உண்மையாகவே எடுக்கப்பட்டவை. ஆனால், அவற்றை எப்போது வெளியிடுவது, எவ்வளவு பெரிதாக வெளியிடுவது, எத்தகைய சொற்களுடன் வெளியிடுவது என்பதில் பொறுப்பு தவறியது. பொய்ச் செய்தி மட்டுமே ஆபத்தானது என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். உண்மையான செய்தியும் பொறுப்பின்றிக் கையாளப்பட்டால் உயிர்களைப் பறிக்கும்.

அன்று இப்படிப்பட்ட முடிவுகளை எடுத்தவர்கள் பத்திரிகை ஆசிரியர்கள். இன்று அந்த முடிவைப் பதின்ம வயது மாணவர் ஒருவரே எடுத்துவிட முடியும். 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிங்கப்பூரின் முதல் பிரதமர் திரு லீ குவான் இயூ உடல்நலம் குன்றி மருத்துவமனையில் இருந்தார். நாடே கவலையுடன் காத்திருந்தது. மார்ச் 18ஆம் நாள் இரவு, அவர் காலமாகிவிட்டார் என்று பிரதமர் அலுவலகமே அறிவித்தது போன்ற ஒரு படம் இணையத்தில் பரவியது. அது போலியாக உருவாக்கப்பட்ட படம். ஆனால், அமெரிக்காவின் சிஎன்என், சீனாவின் சிசிடிவி போன்ற பெரிய செய்தி நிறுவனங்கள்கூட அதை நம்பிச் செய்தி வெளியிட்டு, பிறகு திருத்திக்கொண்டன. திரு லீ காலமானது மார்ச் 23ஆம் நாள்.

காவல்துறையினர் விசாரித்தபோது, அந்தப் படத்தை உருவாக்கியவர் 16 வயதுக்கு உட்பட்ட ஒரு மாணவர் என்பது தெரியவந்தது. ஒரு பொய்யை எவ்வளவு எளிதாக நம்பவைக்கலாம் என்பதை நண்பர்களுக்குக் காட்டுவதே அவருடைய நோக்கமாக இருந்தது. அவருக்குக் கடும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. நண்பர்களுக்காகச் செய்த விளையாட்டு உலகச் செய்தியாகிவிட்டது. உருவாக்கியவர் ஒருவர்தான், ஆனால், அதைப் பரப்பியவர்களோ மிகப் பலர். அவர்களுள் ஒவ்வொருவரும் ஒரு நொடி நின்று, பிரதமர் அலுவலகத்தின் இணையப்பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால், அந்தப் பொய் அத்தனை தொலைவு சென்றிருக்காது.

தமிழில் ‘ஆசிரியர்’ என்ற சொல் இருவரைக் குறிக்கும். வகுப்பறையில் கற்பிப்பவரும் ஆசிரியர். பத்திரிகையை நடத்துபவரும் ஆசிரியர். இருவருக்கும் பொதுவான கடமை ஒன்று உண்டு. தாம் சொல்வது சரிதானா என்று உறுதிசெய்துகொள்ளாமல் அவர்கள் பிறரிடம் சொல்லக்கூடாது. செய்தித்தாள் அலுவலகத்தில் நிருபர் எழுதும் செய்தி நேராக அச்சுக்குப் போவதில்லை. பெயர், இடம், நாள், எண் ஆகியவற்றைத் துணையாசிரியர் சரிபார்க்கிறார். இதைச் சொன்னவர் யார், எதிர்த்தரப்பினரிடம் கேட்டாகிவிட்டதா, இதை வெளியிட்டால் யாருக்கேனும் தீங்கு நேருமா போன்ற கேள்விகள் எழுப்பப்படுகின்றன. இத்தனைக்குப் பிறகும் பிழை நேரலாம். பெரிய நிறுவனங்களும் ஏமாறியதை 2015ஆம் ஆண்டு நிகழ்ச்சியே காட்டுகிறது. ஆனால், பிழை நேர்ந்தால் திருத்தம் வெளியிடவும் பொறுப்பேற்கவும் அங்கு ஆள் இருக்கிறார். பெயரும் முகவரியும் அச்சிடப்பட்டிருக்கின்றன.

கைமாறிக் கைமாறி வரும் குறுஞ்செய்திக்குப் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. “எனக்கு வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்” என்று எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். இதனால், செய்தித்தாள் அலுவலகத்தில் பலர் சேர்ந்து செய்த வேலை, இப்போது பகிர்பவரின் தலையில் வந்து விழுகிறது. பொத்தானை அழுத்தும் அந்த நொடியில் அவரே நிருபர், அவரே துணையாசிரியர், அவரே ஆசிரியர்.

பொய்த் தகவல்களைத் தடுக்கத்தான் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கூறலாம். இணையவழிப் பொய்ச் செய்திகளுக்கு எதிரான சட்டம் சிங்கப்பூரில் 2019இல் நடப்புக்கு வந்தது உண்மைதான். சட்டம் தேவையானதே. ஆயினும், பொய் பரவிய பிறகே சட்டத்தின் வேலை தொடங்குகிறது. குடும்பத்தினரும் நண்பர்களும் உள்ள உரையாடல் குழுக்களில் பரவும் எல்லாவற்றையும் எந்த அதிகாரியாலும் கண்காணிக்க இயலாது. அங்கு காவலராக இருக்கக்கூடியவர் அந்தக் குழுவில் உள்ளவர் மட்டுமே.

தமிழ்ச் சமூகத்தைப் பொறுத்தவரை இந்தப் பொறுப்பு மேலும் கூடுகிறது. ஆங்கிலத்தில் பரவும் ஒரு பொய்யைச் சரிபார்க்கப் பலர் இருக்கின்றனர். தமிழில் குரல் பதிவாகவோ காணொளியாகவோ வரும் பொய்யைச் சரிபார்ப்பவர்கள் குறைவு. எங்கோ, எப்போதோ எடுக்கப்பட்ட காணொளி, நேற்று இங்கு நடந்தது போல் வந்து சேர்கிறது. ஆங்கிலம் அறியாத முதியவர் அதை எதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பார்? உறவினர் அனுப்பியது என்பதால் நம்புகிறார். நல்லெண்ணத்துடனேயே மற்றவர்களுக்கும் அனுப்புகிறார். கொவிட்-19 கிருமி பரவிய காலத்தில் இதன் ஆபத்தைப் பல குடும்பங்கள் உணர்ந்தன. அப்போது தமிழ் முரசு, ஒலி 96.8 வானொலி, வசந்தம் தொலைக்காட்சி ஆகியவை சுகாதாரத் தகவல்களைத் தமிழில் வெளியிட்டது பொழுதுபோக்குக்காக அன்று. அது பாதுகாப்புக்கான தேவை.

இத்தகைய சாதனங்கள் என்றும் இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. கோலாலம்பூரில் 1924இல் தொடங்கப்பட்ட ‘தமிழ் நேசன்’ நாளிதழ் மலேசியத் தமிழர்களின் வாழ்வோடு கலந்திருந்தது. தொடர்ந்து ஏற்பட்ட நட்டத்தால் 2019ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியுடன் அது நின்றுபோனது. ஏறத்தாழ 95 ஆண்டுகள் வாழ்ந்த இதழுக்கே அந்த நிலை என்றால், படிப்பவர் இல்லாத எந்த இதழும் நிலைக்காது. சிறிய சமூகத்தின் தகவல் சாதனம் மறையும்போது, அதனுடன் அச்சமூகத்தின் விழாக்கள், வெற்றிகள், குறைகள் ஆகியவற்றைப் பதிவு செய்யும் இடமும் மறைந்துவிடுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஊரும் பேரும் இல்லாத தகவல்கள் காத்திருக்கின்றன.

ஆங்கிலச் செய்தியே விரைவாகக் கிடைக்கும்போது தமிழில் எதற்குப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. உலகச் செய்தி எந்த மொழியிலும் கிடைக்கும். தேக்காவில் நடந்த நிகழ்ச்சியைப் பற்றியோ, தமிழ்மொழி மாத விழாவில் பங்கேற்ற பள்ளிகளைப் பற்றியோ, இங்குள்ள தமிழ்க் குடும்பம் ஒன்றின் போராட்டத்தைப் பற்றியோ விரிவாக எழுதுவதற்குத் தமிழ் நிருபர்தான் வர வேண்டும்.

இவ்விடத்தில் இருமொழி அறிந்த மாணவர்கள் செய்யக்கூடிய பணி பெரிது. தமிழில் வந்த தகவலை ஆங்கிலத்திலுள்ள நம்பகமான செய்தியுடன் ஒப்பிட அவர்களால் முடியும்; சரியானதைத் தமிழில் எடுத்துச் சொல்லவும் முடியும். தகவலின் மூலத்தைத் தேடுதல், அதைப் புரிந்துகொள்ளுதல், வேறு இடங்களில் ஆராய்தல், பல கோணங்களில் மதிப்பிடுதல் ஆகிய நான்கு படிகளைத் தேசிய நூலக வாரியம் 2013 முதல் கற்பித்துவருகிறது. ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று முன்னோர் சொன்னதும் இதைத்தான்.

விசாரிப்பதற்கும் பண்பு வேண்டும். “பாட்டி, நீங்கள் அனுப்பியது பொய்” என்று எல்லாரும் பார்க்கும் குழுவில் எழுதினால், பாட்டியின் மனம் புண்படும். அடுத்த முறை அவர் கேட்க மாட்டார். “பாட்டி, இது எங்கிருந்து வந்தது என்று சேர்ந்து பார்ப்போமா?” என்று அருகில் அமர்ந்து கேட்டால், அவரும் கற்றுக்கொள்வார், அடுத்த தகவலைப் பகிர்வதற்குமுன் அவரே பேரப்பிள்ளையை அழைப்பார்.

ஒரு காலத்தில் தொழிலாளர்கள் தங்கள் உழைப்பின் ஊதியத்திலிருந்து கொடுத்த காசு தமிழுக்கு ஒரு பல்கலைக்கழகத் துறையைப் பெற்றுத் தந்தது. இன்றைய மாணவர்களிடம் அவ்வளவு கேட்கப்படவில்லை. நாள்தோறும் ஒரு தமிழ்ச் செய்தியையாவது படிப்பதும், எதையும் பகிர்வதற்குமுன் ஒரு நிமிடம் நின்று சரிபார்ப்பதுமே அவர்களிடம் எதிர்பார்க்கப்படுகின்றன. அந்த ஒரு நிமிடத்தில்தான் ஆசிரியரின் பொறுப்பு அடங்கியிருக்கிறது.