கத்ரீனா புயலும் கப்பல் பட்டறை வேலைநிறுத்தமும்

(நமது மும்பை பகுதி நேர நிருபர்)

பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிற எவருக்கும் ஓர் அனுபவம் உண்டு. புயல் அடித்தால் எட்டுப் பத்தித் தலைப்பு. வேலைநிறுத்தம் நடந்தால் ஒரு பத்தி. அந்த வேலைநிறுத்தம் பத்து நாள் நீடித்துவிட்டால் அந்த ஒரு பத்தியும் கிடைக்காது. இதில் பத்திரிகைகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. படிப்பவர்களும் அப்படித்தான் படிக்கிறார்கள்.

ஆனால் சில சமயங்களில் அந்த எட்டுப் பத்திச் செய்தியும் இந்த ஒரு பத்திச் செய்தியும் உண்மையில் ஒரே செய்தியாக இருக்கும். அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயல் அதற்கு நல்ல உதாரணம். அந்தச் செய்தி 2005-ல் தொடங்கியது. 2015-ல்தான் முடிந்தது. நடுவில் அது மும்பை வழியாகவும் வந்து போனது. அதைப் பலர் கவனிக்கவில்லை.

இரண்டு வெள்ளம்

2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதியை மும்பைத் தமிழர் யாரும் மறந்திருக்க முடியாது. சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. அதே நேரத்தில் கொலாபாவில் பெய்தது 73 மில்லி மீட்டர்தான். தண்டவாளங்கள் மூழ்கின. லோக்கல் ரயில்கள் நின்றன. ஆயிரக்கணக்கானோர் இடுப்பளவு நீரில் நடந்தே வீடு திரும்பினார்கள். நான் அப்போது பத்தாவது முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன். ரயில்வே உத்தியோகம் பின்னால்தான் கிடைத்தது. தாராவியில் எங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீர் வடிந்து, சுவரில் விட்டுப்போன கோடு அடுத்த தீபாவளிக்கு வெள்ளை அடிக்கும்வரை அப்படியே இருந்தது.

ஒரு மாதம் கழித்து, ஆகஸ்டு 29-ந் தேதி, அமெரிக்காவின் தென்கரையில் கத்ரீனா புயல் கரை ஏறியது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏறக்குறைய பாதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஒரு பக்கம் மிசிசிப்பி ஆறு, மறுபக்கம் பெரிய ஏரி. நடுவில் கரைகளை நம்பி வாழ்கிற ஊர். கரைகள் பல இடங்களில் உடைந்தன. நகரில் 100-க்கு 80 பங்கு நீரில் மூழ்கியது. போக வாகனம் இல்லாத ஏழைகள் கூரை மீதும் விளையாட்டு அரங்கிலும் நாள்கணக்கில் உணவுக்கும் குடிநீருக்கும் காத்துக் கிடந்தார்கள்.

புயலில் இறந்தவர்கள் 1,800-க்கு மேல் என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. அமெரிக்கப் புயல் ஆய்வு மையம் 2023-ல் மறுபடி கணக்கிட்டு 1,392 என்று திருத்தியது. இறந்தவர்களின் எண்ணிக்கையைச் சரி பார்க்கவே 17 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

'அமெரிக்காவிலுமா இப்படி?' என்று அன்று டீக்கடைகளில் பேசிக்கொண்டார்கள். அந்தக் கேள்வியோடு நம்மில் பலருக்கு அந்தச் செய்தி முடிந்துவிட்டது.

உள்பக்கச் செய்தி

புயல் அடித்துப் பத்தே நாளில், செப்டம்பர் 8-ந் தேதி, அன்றைய அமெரிக்க ஜனாதிபதி புஷ் ஓர் உத்தரவு போட்டார். மத்திய அரசின் கட்டுமான வேலைகளில் அந்தந்த வட்டாரத்தில் நடப்பில் உள்ள கூலியைக் கொடுத்தே தீர வேண்டும் என்ற 1931-ம் ஆண்டுச் சட்டத்தை, புயல் பாதித்த பகுதிகளில் நிறுத்தி வைத்தார். சீரமைப்பு வேலை விரைவாகவும் சிக்கனமாகவும் நடக்க வேண்டும் என்பது காரணம். எதிர்ப்புக் கிளம்பியது. இரண்டு மாதத்தில், நவம்பர் 8-ந் தேதி, சட்டம் திரும்ப வந்தது.

வீடு இழந்தவனிடம் கூலியையும் குறைப்பது என்ன நியாயம் என்று அங்குள்ள தொழிற்சங்கங்கள் கேட்டன. நாம் கவனிக்க வேண்டியது இதுதான். பேரிடர் வந்தால் 'அவசரம்' என்ற சொல்லும் கூடவே வருகிறது. அந்தச் சொல்லின் பெயரால் முதலில் தளர்வது தொழிலாளர் சட்டம்.

செப்டம்பர் 24-ந் தேதி ரீட்டா என்ற இன்னொரு புயல் அடித்தது. இரண்டு புயல்களும் சேர்ந்து மெக்சிகோ வளைகுடாவில் நூற்றுக்கு மேற்பட்ட எண்ணெய்த் துரப்பண மேடைகளை அழித்தன. மேடைகளைப் பழுது பார்க்கும் கப்பல் பட்டறைகளுக்கு வேலை குவிந்தது. ஆனால் கரையோரத்துத் தொழிலாளர்கள் புயலால் ஊர் ஊராகச் சிதறிப் போயிருந்தார்கள். வெல்டர்களும் பைப் பிட்டர்களும் கிடைக்கவில்லை.

மும்பைத் தொடர்பு

சிக்னல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்துக்கு மிசிசிப்பி மாநிலத்துப் பாஸ்ககூலாவிலும் டெக்சாஸ் மாநிலத்து ஆரஞ்ச் என்ற ஊரிலும் பட்டறைகள் இருந்தன. அது ஆள் தேடிய பாதை இந்தியாவுக்கு வந்தது. மும்பையில் இயங்கிய ஆள்சேர்ப்பு நிறுவனம் ஒன்றும், நியூ ஆர்லியன்ஸ் வழக்கறிஞர் ஒருவரும் இதில் பங்கெடுத்தார்கள். சுமார் 500 இந்தியர்கள் 2006-ன் கடைசியிலும் 2007-ன் தொடக்கத்திலும் போய்ச் சேர்ந்தார்கள். மலையாளிகளும் தமிழர்களும் அவர்களில் உண்டு. வளைகுடா நாடுகளில் ஏற்கெனவே வேலை பார்த்து அனுபவம் பெற்றவர்கள் பலர்.

ஒவ்வொருவரும் கொடுத்த பணம் 10,000 முதல் 20,000 டாலர் வரை. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய நாலரை லட்சம் முதல் ஒன்பது லட்சம் ரூபாய். நிலத்தை விற்றார்கள், நகையை அடகு வைத்தார்கள், வட்டிக்கு வாங்கினார்கள். எதற்காக? கிரீன் கார்டு கிடைக்கும், குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம் என்ற வாக்குறுதிக்காக.

கையில் கிடைத்ததோ 'எச்-2பி' என்ற தற்காலிக விசா. சில மாதங்களுக்குத்தான் செல்லும். எந்த முதலாளி பெயரில் வந்ததோ அவரிடம் மட்டுமே வேலை செய்யலாம். எங்கள் இலாகா பாஷையில் சொன்னால், ஒரே வண்டிக்குச் செல்லுகிற டிக்கெட். அந்த வண்டியிலிருந்து இறங்கினால், அதைக் காட்டி அடுத்த வண்டியில் ஏற முடியாது.

முகாம் வாழ்க்கை

பட்டறை வளாகத்துக்குள்ளேயே முகாம்கள் அமைக்கப்பட்டன. ஒரு கொட்டகையில் 24 பேர் வரை அடுக்குக் கட்டில்களில் படுத்தார்கள். வாசலில் காவல். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் என்று மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அதே பட்டறையில் வேலை செய்த மற்ற நாட்டவருக்கு முகாமில் தங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மும்பைச் சாலில் வாழ்ந்தவனுக்கு நெருக்கடி புதிதல்ல. ஆனால் அவன் தன் கதவைத் திறந்துகொண்டு எங்கேயும் போகலாம். கடனோடு போனவனுக்கு அந்தக் கதவு இல்லை. கடனைக் கட்டாமல் ஊர் திரும்ப முடியாது. வேறு இடத்தில் வேலை செய்யவும் முடியாது.

சிலர் கூட்டம் போட்டுப் பேசத் தொடங்கினார்கள். 2007 மார்ச் மாதத்தில் ஒரு நாள் விடியுமுன் காவலர்கள் வந்து, முன்னின்றவர்களைப் பிடித்து அறையில் வைத்தார்கள். வேலை போயிற்று, இந்தியாவுக்குத் திரும்புங்கள் என்று சொல்லப்பட்டது. ஒருவர் தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பினார்.

தலைக்கவசம் பறந்தது

2008 மார்ச் 6-ந் தேதி பாஸ்ககூலாவில் சுமார் 100 இந்தியத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். பட்டறை வாசலில் நின்று தலைக்கவசங்களைக் கழற்றி வீசினார்கள். நியூ ஆர்லியன்ஸ் மத்திய கோர்ட்டில் வழக்கும் தொடர்ந்தார்கள்.

சங்கம் என்ற பலம் இல்லாதவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் இது. வேலையை விட்ட அன்றே விசாவும் போய்விடும். அது தெரிந்தே செய்தார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வாஷிங்டனுக்குப் புறப்பட்டார்கள். வழியில் பல இடங்களில் நடந்தே போனார்கள். காந்தியின் சத்தியாக்கிரகத்தை நினைவூட்டினார்கள். இந்தியத் தூதரகத்திடம் முறையிட்டார்கள். மே மாதம் வாஷிங்டனில் உண்ணாவிரதம் தொடங்கி ஜூன் வரை நடத்தினார்கள்.

நிறுவனத்தின் வாதத்தையும் சொல்ல வேண்டும். 'கிரீன் கார்டு ஆசை காட்டியது நாங்கள் அல்ல; ஆள்சேர்ப்பவர்கள் எங்களையும் ஏமாற்றினார்கள்' என்றது நிறுவனம். கூட்டு வழக்காக நடத்தக் கோர்ட்டு 2012-ல் அனுமதி மறுத்தது. அதனால் தொழிலாளர்கள் தனித்தனியாக வழக்குப் போட வேண்டியதாயிற்று.

முதல் வழக்கில் 2015 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஐந்து தொழிலாளர்களுக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் நஷ்டஈடு. பட்டறை நிறுவனமும், அமெரிக்க வழக்கறிஞரும், மும்பை ஆள்சேர்ப்பு நிறுவனமும் பொறுப்பு என்று ஜூரிகள் கூறினார்கள். ஜூலை மாதம் பட்டறை நிறுவனம் திவால் மனுக் கொடுத்தது. மற்ற வழக்குகளையும் முடித்துக்கொள்ள 2 கோடி டாலருக்கு உடன்பாடு செய்து, மன்னிப்பும் கேட்டது. இந்தப் போராட்டத்தில் பலருக்கு, மனிதக் கடத்தலுக்கு ஆளானவர்களுக்கான சிறப்பு விசா கிடைத்தது.

நமக்கு என்ன பாடம்?

கத்ரீனா செய்தியை 2005-லேயே மடித்து வைத்துவிட்டவருக்கு அது ஒரு புயல். 2015 வரை படித்தவருக்கு அது வேறு செய்தி. காற்றும் தண்ணீரும் உடைத்ததை யார் கட்டுவது, என்ன கூலிக்குக் கட்டுவது என்பதுதான் அது. புயலின் முழுக் கணக்கு இறந்தவர்களின் எண்ணிக்கையோடு முடிவதில்லை.

வேலைநிறுத்தச் செய்திகள் பாதியில் மறைவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1982 ஜனவரி 18-ந் தேதி தொடங்கிய மும்பை ஜவுளி ஆலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அது முடிந்தது என்று இன்றுவரை யாரும் முறைப்படி அறிவிக்கவில்லை. செய்தி நின்றது. ஆலைகள் நின்றன. ஆலை நிலத்தில் இப்போது எழுந்து நிற்கும் கட்டிடங்களைப் பரேலில் ரயிலில் போகிறவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் அந்த 500 பேரின் செய்தி மறையாமல் தப்பியதற்குக் காரணம், அவர்கள் ஏழு ஆண்டுகள் வழக்கை விடாமல் நடத்தியதுதான்.

வெளிநாட்டு வேலை விளம்பரத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, 'இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்' என்று கவுண்டருக்கு வருகிற இளைஞர்களை நான் பார்க்கிறேன். பெரும்பாலும் வெல்டர்கள், பிட்டர்கள். அவர்களிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன். ஆள்சேர்ப்பவருக்கு மத்திய அரசின் பதிவு இருக்கிறதா? விசா எந்த வகை, முதலாளியை மாற்ற அது இடம் கொடுக்குமா? கொடுக்கிற பணத்துக்கு ரசீது உண்டா? பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது லட்சக்கணக்கில் அல்ல, ஆயிரக்கணக்கில்தான்.

இந்தக் கேள்விகளைக் கேட்டால் ஏஜெண்டு கோபித்துக்கொள்வார் என்று பயப்படுகிறார்கள். கோபித்துக்கொண்டால் அதுவே பதில் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த புயல் எந்தக் கரையிலாவது அடிக்கத்தான் போகிறது. அதைப் பெரிய எழுத்தில் படிப்போம். சில மாதம் கழித்து உள்பக்கத்தில், 'ஆட்கள் தேவை' என்று சிறிய எழுத்தில் இன்னொன்று வரும். அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.