வர்ணம் அடித்தால் உயிர் வந்துவிடுமா?

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராணுவ ரேடியோ ரிசீவர் ஒன்றின் படத்தை நம் பேரையூர் அன்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டிருந்தார். கறுப்பு பெயிண்ட் பளபளவென்று மின்னியது. உள்ளே இருந்த வால்வு, காயில் எல்லாவற்றையும் ஒரு கடைக்காரர் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, புளூடூத் ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்திருக்கிறார். ரசீதில் "புதுப்பித்தது" என்று எழுதியிருக்கிறது. இது புதுப்பித்தல் அல்ல அன்பர்களே, குடலை உருவிப் பஞ்சடைத்த வேலை.

அந்தப் பெட்டி பிசி-348. லிபரேட்டர் போன்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் இருந்தது. எட்டு வால்வுகள், விமானத்தின் 28 வோல்ட் மின்சாரத்தில் ஓடும். போருக்குப் பின் ராணுவம் கழித்த இப்படிப்பட்ட கருவிகள் பழைய சாமான் கடைகளுக்கு வந்து, ஹாம் ரேடியோக்காரர்கள் கைக்குப் போயின. அவர்களும் பெட்டிக்குள் கை வைத்தார்கள். டைனமோட்டாரை எடுத்துவிட்டு, வீட்டு மின்சாரத்தில் ஓட டிரான்ஸ்பார்மர் வைத்தார்கள். ஆனால் அது கருவி வேலை செய்ய வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம். இப்போது நடப்பது, வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, ஷோகேஸில் எடுப்பாக இருந்தால் போதும் என்ற மாற்றம்.

இந்த நாட்டுக்கு இந்த வேலை தெரியாததா? போர் முடிந்தபின் கான்பூரில் ஆங்கிலேயர் கைவிட்ட லிபரேட்டர் விமானங்கள் கிடந்தன. வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். நம் ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் ஆட்கள் ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் பொருத்தி, பெங்களூருக்குப் பறக்கவிட்டே கொண்டுபோய், சுமார் 40 விமானங்களைச் சரிசெய்தார்கள். 1948இல் இந்திய விமானப்படையில் சேர்ந்த அவை 1968 வரை பறந்தன. இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் பல இங்கிருந்து போனவையே. விமானத்தையே எழுப்பி நிறுத்திய நாட்டில், அதன் ரேடியோவை எடைக்குப் போடுகிறோம்.

"அதில் மதுரை வானொலியே கேட்காதே, வைத்து என்ன செய்வது?" என்கிறார்கள். உண்மைதான். அது பிடிப்பது 200 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரையும், 1.5 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரையும். மதுரையின் 1269 இடைவெளியில் விழுந்துவிடும். அது பாட்டுக் கேட்க வந்த பெட்டி இல்லை. 7 மெகாஹெர்ட்ஸில் திருப்பினால் ஹாம்கள் பேசுவதையும் மோர்ஸ் தட்டுவதையும் கேட்கலாம். உழவு மாட்டை வாங்கிவிட்டுப் பால் கறக்கவில்லை என்று அடிமாட்டுக்கு அனுப்புவார் உண்டா?

இதற்கு நேர் எதிராக, "பழையதைத் தொடவே கூடாது, அப்படியே காட்சிக்கு வை" என்பவர்களும் உண்டு. உலகில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தால் அந்த வாதத்துக்குத் தலைவணங்குவேன். ஆயிரக்கணக்கில் செய்த கருவிக்கு அது பொருந்தாது. ஊமையாக நிற்கும் ரேடியோ நம் பேரப்பிள்ளைகளுக்கு எதையும் சொல்லாது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் கர்கசோன் கோட்டை நினைவுக்கு வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-துக் அதைச் சீரமைத்தபோது, தென்பிரான்சுக் கோட்டைக்கு வடபிரான்சுப் பாணியில் சிலேட்டுக் கூம்புகளை ஏற்றிவைத்தார். அந்தச் சண்டை நெடுநாள் ஓயவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? கும்பாபிஷேகம் என்ற பெயரில் மணலைப் பீய்ச்சி அடித்து, கல்தூண்களின் நுணுக்கத்தைத் தேய்த்த கதை நம் தமிழ்நாட்டுக் கோயில்களிலேயே உண்டு. சுத்தம் வேறு, சிதைவு வேறு.

சரியான முறை ஒன்றும் ரகசியமில்லை. பல வருடம் தூங்கிய செட்டை நேராக பிளக்கில் செருகக் கூடாது. பழைய பேப்பர் கண்டென்சர்கள் கசியும். முதலில் அவற்றை மாற்ற வேண்டும். பிறகு சீரிஸ் பல்ப் போட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். பழைய ராணுவ டயல், மீட்டர்களில் இருட்டில் ஒளிரும் பூச்சு ரேடியமாக இருக்கலாம், சுரண்டவே கூடாது. கழற்றிய பாகங்களை ஒரு கவரில் போட்டுப் பெட்டியோடு வைக்க வேண்டும். எதை, எப்போது, ஏன் மாற்றினோம் என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். குறிப்பு இல்லாமல் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினால் குமாஸ்தாவுக்கு மெமோ வரும். எண்பது வருடக் கருவிக்கு அந்த மரியாதைகூட இல்லையா?

வால்வு ரேடியோ பழுது பார்த்த கைகள் நம் பக்கத்தில் இன்னும் சில இருக்கின்றன. அவர்களுக்கும் நம் வயதுதான். பரணில் பழைய செட் இருப்பவர்கள் இப்போதே அவர்களைத் தேடிப் போங்கள். யாரிடம் கொடுத்தாலும், எதை எடுத்தார், எதை வைத்தார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுப்பவர் கையில் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.