தனிப் படகா, கூட்டுப் படகா? கணக்குப் போட்டுப் பாருங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். எங்கே போவது? எவ்வளவு செலவாகும்? இந்த முறை உங்கள் வீட்டில் யாராவது, "சபாவுக்குப் போய்க் காட்டு விலங்குகளைப் பார்க்கலாமே" என்று சொன்னால், அந்தப் பேச்சை விட்டுவிடாதீர்கள் மாணவர்களே. மிருகக்காட்சி சாலையில் பத்து முறை பார்த்த யானையும் ஆற்றங்கரைப் புல்வெளியில் தன் விருப்பப்படி மேயும் யானையும் ஒன்றல்ல.

ஆனால் விமானச் சீட்டு எடுத்தவுடன் அடுத்த கேள்வி வந்து நிற்கும். விலங்குகளைப் பார்க்கப் போகும் படகை நம் குடும்பத்துக்கென்று தனியாக எடுப்பதா? முன்பின் அறியாத ஏழெட்டுப் பேரோடு சேர்ந்து போவதா?

"தனியாகப் போனால்தான் நன்றாகப் பார்க்கலாம். காசு போதாதவர்கள்தாம் கூட்டத்தோடு போவார்கள்" என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறான எண்ணம் என்பது என் கருத்து. கையில் உள்ள பணம் அளவானது என்றால், சிறு குழுவோடு போவதே உங்களுக்கும் நல்லது, விலங்குகளுக்கும் நல்லது. ஏன் என்று சொல்கிறேன். ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

ஆற்றங்கரையில் என்ன இருக்கிறது?

சபாவின் மிக நீளமான ஆறு கினபாத்தாங்கான். ஏறத்தாழ 560 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் சுமார் 26,000 ஹெக்டர் காடு 2005ஆம் ஆண்டு வனவிலங்குக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சண்டாக்கானிலிருந்து சாலை வழியாக இரண்டு, இரண்டரை மணி நேரம் பயணம் செய்தால் சுக்காவ் கிராமத்தை அடையலாம். விடியற்காலையிலும் மாலையிலும் அங்கிருந்து படகுகள் புறப்படும்.

ஓராங் ஊத்தான், நீண்ட மூக்குக் குரங்கு உட்படப் பத்து வகைக் குரங்கினங்கள், இருவாட்சிப் பறவைகள், முதலைகள், போர்னியோ யானைகள் என எல்லாவற்றுக்கும் இந்த ஆற்றோரம்தான் வீடு. இவ்வளவு விலங்குகளை ஒரே இடத்தில் பார்க்க முடிவதற்கு மகிழ்ச்சியான காரணம் மட்டும் இல்லை. காட்டைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். எஞ்சியிருக்கும் காடு துண்டு துண்டாக, பல இடங்களில் ஆற்றை ஒட்டிய ஒரு நாடாவைப் போலத்தான் இருக்கிறது. விலங்குகளுக்கு ஒதுங்கிப் போக வேறு இடம் குறைவு. போர்னியோ யானைகளில் காட்டில் எஞ்சியிருப்பவை ஏறக்குறைய ஆயிரம்தான் என்ற மதிப்பீட்டோடு, 2024இல் அவை அழியும் அபாயத்தில் உள்ளவை என்று அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நாம் படகில் போய் நிற்பது அவற்றின் கடைசிப் புகலிடத்தின் வாசலில் என்பதை மறக்கக் கூடாது.

நிகழ்தகவு சொல்லும் பதில்

முதலில் பணக் கணக்கு. ஒரு படகை இயக்க ஆகும் எரிபொருள், படகோட்டியின் கூலி, வழிகாட்டியின் கூலி ஆகியவை இரண்டு பேர் ஏறினாலும் எட்டுப் பேர் ஏறினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கணக்குக்காக, ஒரு பயணத்துக்கு 240 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். இருவர் மட்டும் போனால் ஆளுக்கு 120 ரிங்கிட். எட்டுப் பேர் போனால் ஆளுக்கு 30 ரிங்கிட். அதாவது தனிப் படகில் ஒரு முறை போகும் பணத்தில் கூட்டுப் படகில் நான்கு முறை போகலாம்.

இங்கேதான் நீங்கள் கணிதப் பாடத்தில் 'கெபாராங்காலியான்' என்று படிக்கும் நிகழ்தகவு உதவிக்கு வருகிறது. ஒரு முறை படகில் போனால் யானையைப் பார்க்க ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாகக் கொள்வோம். பார்க்காமல் திரும்பும் வாய்ப்பு 0.8. நான்கு முறை போயும் ஒரு முறைகூடப் பார்க்காமல் திரும்பும் வாய்ப்பு 0.8 × 0.8 × 0.8 × 0.8. விடை 0.41. ஆகவே ஒரு முறையாவது பார்க்கும் வாய்ப்பு 59 விழுக்காடு.

"தனிப் படகில் போனால் வேண்டிய இடத்தில் வேண்டிய நேரம் நிற்கலாமே, வாய்ப்பு கூடுமே?" என்று கேட்பீர்கள். சரி, இரண்டு மடங்கு கூடும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 40 விழுக்காடுதான். நான்கு முறை போகிறவரை அதனால் எட்ட முடியவில்லை.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. கூர்மையான மாணவர் அதை இந்நேரம் கண்டுபிடித்திருப்பார். நான்கு பயணங்களும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று எடுத்துக்கொண்டோம். உண்மையில் இன்று யானைக் கூட்டம் வெகுதொலைவில் இருந்தால் நாளைக் காலையும் அங்கேயே இருக்கக்கூடும். எனவே உண்மையான வாய்ப்பு 59ஐ விடச் சற்றுக் குறையலாம். ஆயினும் திசை மாறாது. காட்டில் பணத்தைக் கொடுத்து வாங்க வேண்டியது தனிமையை அல்ல, நேரத்தை.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் முறை போனபோது, இருந்த பணத்தையெல்லாம் ஒரு மாலைப் பொழுதுக்கான தனிப் படகில் போட்டேன். புறப்பட்ட அரை மணி நேரத்தில் கொட்டியது மழை. கிளையில் முதுகை வளைத்து நனைந்துகொண்டிருந்த சில குரங்குகளையும் தூரத்தில் பறந்த ஓர் இருவாட்சியையும் பார்த்ததோடு சரி. மறுநாள் காலை கூட்டுப் படகில் போனவர்கள் யானைகள் ஆற்றைக் கடந்ததைப் பார்த்துவிட்டு வந்து கதை சொன்னார்கள். இன்னொரு பயணத்துக்கு என்னிடம் காசு இல்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கரையில் இருப்பவர்களின் கணக்கு

இதுவரை சொன்னது நம் கணக்கு. விலங்குகளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

மலாய்மொழியில் 'மோன்யெட் பெலாண்டா' என்று அழைக்கப்படும் நீண்ட மூக்குக் குரங்கு, இலையை முக்கிய உணவாகக் கொண்டது. அதன் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்திருக்கும். நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கச் செய்து செரிமானத்துக்கு உதவும். இதற்கு வெகு நேரம் ஆகும். அதனால் நாளின் பெரும்பகுதியை அது ஓய்வில் கழிக்கிறது. மாலையானதும் கூட்டம் கூட்டமாக ஆற்றோர மரங்களுக்கு வந்து உறங்கும். ஒரு பக்கம் நீர் என்பதால் படைச்சிறுத்தை போன்ற எதிரிகள் பதுங்கி வருவது கடினம். நாம் படகில் போகும் நேரமும் அதே மாலை நேரம்தான். வேகமாக, மிக அருகில் வரும் படகைக் கண்டால் அவை தின்பதையும் ஓய்வையும் நிறுத்திவிட்டு விழிப்பாகின்றன. சில சமயம் உள்காட்டுக்கு ஓடுகின்றன.

இப்போது 24 பயணிகள் ஒரு மாலையில் வருகிறார்கள் என்று கொள்ளுங்கள். ஆளுக்கு இருவராகப் பிரிந்தால் 12 படகுகள், 12 இஞ்சின்கள். எட்டுப் பேராகச் சேர்ந்தால் 3 படகுகள். பார்க்க வருவோரின் எண்ணிக்கை ஒன்றே. சத்தமும் புகையும் கரையில் மோதும் அலையும் நான்கில் ஒரு பங்கு.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சான்று. காட்டுப் பயணத்துக்கு 'சஃபாரி' என்ற பெயரைத் தந்த சுவாஹிலி மொழி பேசப்படும் கென்யாவில், மாசாய் மாரா என்ற புல்வெளி இருக்கிறது. அங்கே பயணிகள் படகுக்குப் பதில் வாகனங்களில் போகிறார்கள். அங்குள்ள சிவிங்கிப்புலிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. சுற்றுலா மிகுந்த பகுதிகளில் ஒரு தாய், ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டியைத்தான் வளர்த்து ஆளாக்கியது. சுற்றுலா குறைந்த பகுதிகளில் அந்தச் சராசரி 2.3. வாகனங்கள் சூழ்ந்துகொண்டால் தாயின் வேட்டை கெடும். குட்டிகள் பிரிந்து போகும். பார்க்க வந்தவர்களில் எவரும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. எல்லாரும் இன்னும் கொஞ்சம் அருகில் போக விரும்பினார்கள், அவ்வளவுதான்.

தனிப் படகு எப்போது சரி?

தனிப் படகே கூடாது என்று நான் சொல்லவில்லை. நடக்கச் சிரமப்படும் தாத்தா பாட்டியோ கைக்குழந்தையோ உடன் வந்தால் அது வசதி. ஒரே பறவைக்காக மூன்று மணி நேரம் அசையாமல் காத்திருக்கும் படப்பிடிப்பாளரை மற்றவர்களோடு ஏற்றினால் இரு தரப்புக்கும் தலைவலி. அதேபோல் எல்லாக் கூட்டுப் படகும் நல்ல படகு ஆகிவிடாது. இருபது பேரை ஏற்றிக்கொண்டு, ஆளாளுக்குச் சத்தம் போட்டபடி போகும் படகைவிடத் தனிப் படகு எவ்வளவோ மேல்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. உறவினர் குடும்பத்தையோ நண்பர் குடும்பத்தையோ சேர்த்துக்கொண்டு எட்டுப் பேராக ஒரு படகை எடுங்கள். கூட்டமாகப் புறப்படுவதில் நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லித்தர வேண்டியது வாயை மூடிக்கொண்டு உட்காருவதைத்தான். முறுக்குப் பொட்டலத்தை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

எட்டுப் பேர் இருப்பதில் இன்னொரு நன்மை, பதினாறு கண்கள். காட்டில் கூட்டமாக வாழும் விலங்குகள் ஆபத்தை விரைவில் கண்டுகொள்வதற்குக் காரணம், பல கண்கள் ஒரே நேரத்தில் பல திசைகளில் பார்ப்பதே. இலைகளுக்குள் ஒளிந்திருக்கும் ஓராங் ஊத்தானைக் கண்டுபிடிக்கவும் அதே உத்தி பலிக்கும். எல்லாரும் அமைதியாகப் பார்த்தால் மட்டும்.

பணம் கட்டும் முன்

அப்பாவோ அம்மாவோ முன்பதிவு செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு படகில் அதிகபட்சம் எத்தனை பேர்? கட்டணத்தில் எத்தனை பயணங்கள் அடங்கும்? உள்ளூர் வழிகாட்டி உடன் வருவாரா? விலங்கைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து இஞ்சினை நிறுத்துவார்களா? சத்தம் குறைந்த மின் இஞ்சின் இருக்கிறதா? இரவுப் பயணத்தில் உறங்கும் பறவைமீது விளக்கை எவ்வளவு நேரம் அடிப்பார்கள்? "விலங்கைத் தொடும் தூரத்துக்குக் கொண்டுபோவோம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

தனிப் படகில் போகும் பணமே உங்களிடம் இருந்தாலும், என் யோசனை ஒன்றுதான். கூட்டுப் படகில் போய், மிச்சத்தில் இன்னும் ஒரு நாள் தங்குங்கள். முதல் நாள் விலங்குகளைத் தேடுவீர்கள். இரண்டாம் நாள் அவை என்ன செய்கின்றன என்று கவனிக்கத் தொடங்குவீர்கள். அறிவியல் அந்த இரண்டாம் நாளில்தான் ஆரம்பமாகிறது.

மேலே உள்ள 240 ரிங்கிட்டையும் 20 விழுக்காட்டையும் அழித்துவிட்டு, உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான விலையைப் போட்டு இன்றிரவு வீட்டில் கணக்குப் பாருங்கள். என் முடிவு தவறு என்று உங்கள் கணக்கு சொன்னால், அதையும் எழுதி அனுப்புங்கள்.