எங்கள் சாமியைப் பற்றி எங்களிடம் கேட்டீர்களா?

நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படிக்கவும்.

போன வாரம் என்னிடம் நாலாம் வகுப்பு படித்த ஒரு தம்பி போன் செய்தான். சென்னையில் நல்ல நிலையில் இருக்கிறான். நான் வழக்கமாக ஓட்டுப் போடும் தரப்பில் சிந்தனையாளர் என்று பொறுப்பு. டிவி விவாதத்துக்கெல்லாம் போகிறான். எனக்குப் பெருமைதான். "சார், நம்ம பெண்ணாடம் பக்கம் இன்னும் கிடா வெட்டுறாங்க. இதெல்லாம் நம்ம தர்மத்துல இல்ல. நீங்கதான் மக்களுக்குப் புரிய வைக்கணும்" என்றான். "சரிப்பா" என்று வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியும். திருநீறு பூசாமல் பள்ளிக்கூடம் வந்ததில்லை. மதுக்கடை கூடாது என்பவன். சாமி இல்லை என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு ஒருநாளும் ஓட்டுப் போட்டதில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. என் சாமியைக் கல் என்பார்கள், தெரிந்ததுதான். என் நம்பிக்கையைக் காப்பாற்றவே வந்திருக்கிறோம் என்கிறவர்கள் மேல்தான் கோபம்.

2003 நினைவிருக்கிறதா? 1950-ல் போட்டு யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த பலித் தடைச் சட்டத்தை ஜெயலலிதா அரசு தூசு தட்டி எடுத்தது. அது நாத்திக ஆட்சி இல்லை. அதற்கு முந்தின வருஷம்தான் மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்து நம் தரப்பு அறிவாளிகளிடம் பாராட்டு வாங்கிய ஆட்சி. கிடாவெட்டைத் தடுத்ததற்கும் அவர்களில் பலர் கைதட்டினார்கள்.

அப்போது எங்கள் வீட்டில் முனியப்பருக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று நின்றது. என் மகள் மூளைக்காய்ச்சலில் பிழைத்தபோது என் அம்மா வேண்டிக்கொண்டது. அம்மா கையால் தழை தின்று வளர்ந்தது. சட்டம் என்றதும் அரசுச் சம்பளம் வாங்குகிற நான் பயந்துவிட்டேன். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றேன். 2004 பிப்ரவரியில் அந்தச் சட்டமே ரத்தானது. அதற்கு முன்பே, தை மாதத்தில், அம்மா போய்விட்டார். சாமி கடனைத் தீர்க்காமல் போகிறேனே என்று கடைசி வாரம் முழுக்கப் புலம்பினார். ஆடியில் கிடாவை வெட்டினோம். யாருக்கும் சோறு இறங்கவில்லை.

தடை இருந்த நாளில் விருத்தாசலத்தில் ஒரு மண்டபத்தில் நம் தரப்புப் பெரியவர் ஒருவர் பேசினார். சாத்விக வழிபாடுதான் உயர்ந்தது, மற்றதெல்லாம் பாமரர் பழக்கம் என்றார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. இன்று கேட்கிறேன். எங்கள் கோயிலில் வெட்டும்போது ஐயனார் முன்னால் திரை போடுவோம். அவர் சைவம், ரத்தம் பார்க்கக் கூடாது. வெட்டு முனிக்கு மட்டும்தான். எந்தச் சாமிக்கு என்ன, எந்த நேரத்தில், எந்தக் கையால் என்பதெல்லாம் கையெழுத்துப் போடத் தெரியாத எங்கள் பூசாரிக்கு அத்துப்படி. பாமரர் என்று யாரைச் சொன்னார் அவர்?

இன்னொன்று. அரசே டாஸ்மாக் மூலம் சில்லறை மதுக்கடை நடத்த ஆரம்பித்ததும் அதே 2003-தான். அதைக் கண்டித்து ஒரு மண்டபக் கூட்டம் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

2004 தேர்தலில் அ.தி.மு.க. - பா.ஜ.க. கூட்டணி தமிழ்நாட்டில் 39 தொகுதியிலும் தோற்றது. கிடாவால் மட்டும் தோற்றது என்று சொல்ல மாட்டேன். டெஸ்மா போட்டு ஆசிரியர்களையும் அரசு ஊழியர்களையும் லட்சத்துக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியதும் சேர்ந்துதான். ஆனால் தோற்ற பிறகு என் காதில் விழுந்தது என்ன? "நம்ம ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை." ஒரு வகுப்பு மொத்தமும் பெயிலானால் தலைமையாசிரியர் பிள்ளைகளையா கூப்பிட்டுக் கேட்பார்?

இது பழைய கதை என்பாய் தம்பி. சபரிமலையை எடுத்துக்கொள். நம்மூரிலும் வருஷா வருஷம் மாலை போடுகிறார்கள். பெண்களைக் கோயிலுக்குள் விடாதது நியாயமில்லை என்று 2016-லேயே பேசியவர் அப்போதைய ஆர்.எஸ்.எஸ். பொதுச்செயலாளர் சுரேஷ் ஜோஷி. 2018 செப்டம்பர் 28-ல் தீர்ப்பு வந்ததும் பெரியவர்கள் யாரும் பதறவில்லை. பந்தளத்தில் சாதாரணக் குடும்பப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சரணம் சொல்லித் தெருவில் நடந்தார்கள். அதற்குப் பிறகுதான் பக்தர்களின் உணர்வை மதிக்க வேண்டும் என்று அறிக்கை வந்தது. தீர்ப்பு சரியா தப்பா என்பது வேறு பேச்சு. முன்னால் நடந்தவர்கள் யார், பின்னால் ஓடிவந்தவர்கள் யார் என்று மட்டும் பார்.

நம்ம ஊரில் பிறந்த மெய்கண்டார் கதையை உனக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். எல்லா ஆகமமும் படித்த சகலாகம பண்டிதர், சின்னப் பையனுக்கு இவ்வளவு பேரா என்று பொறுக்காமல் வந்து, "ஆணவம் என்றால் என்ன?" என்று கேட்டார். பிள்ளை பதிலே சொல்லவில்லை, நின்றுகொண்டிருந்த பண்டிதரையே ஏற இறங்கப் பார்த்தது. அந்தப் பண்டிதர் அங்கேயே காலில் விழுந்து, சீடராகி, அருணந்தி சிவாச்சாரியார் ஆனார். அவருக்கு அது உறைத்தது.

நான் வெறும் ஆசிரியர் பயிற்சி முடித்தவன். உன் அளவு சாஸ்திரம் படித்ததில்லை. இத்தனை வருஷம் கேட்காமலேயே ஓட்டுப் போட்டேன். இந்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் முதலில் நான் கேட்பேன், உங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் கடைசியாக எப்போது போனீர்கள் என்று.

ஆடி மூணாம் வெள்ளி எங்கள் முனியப்பருக்குப் படையல். தம்பி, நீ அவசியம் வா. பூசாரி பக்கத்தில் உனக்கு இடம் போட்டு வைக்கிறேன். உன் சந்தேகத்தை அவரிடமே கேள். கறி வேண்டாம் என்றால் சொல்லிவிடு, உங்க டீச்சரம்மா உனக்குத் தனியாகச் சாம்பார் வைத்துவிடுவார்கள்.