ஜெபம் முடிந்த பிறகு

பிரார்த்தனைக் கூட்டத்தில் நமக்கென்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் மேடையில் கண்ணை மூடினால் கூலிப் பிரச்சினையும் சேர்ந்து மூடிக்கொள்ளும் என்ற சந்தேகம் நமக்கும் உண்டு. ஆனாலும் போகத்தான் வேண்டும் என்கிறோம். போய், ஜெபம் முடிந்ததும் ‘தீர்மானம் என்ன?’ என்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரில் அதுதான் நடந்தது. பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற தையல் தொழிலாளி 1955 டிசம்பர் 1-ந் தேதி கைதானார். 5-ந் தேதி காலை முதல் கறுப்பு மக்கள் பஸ் ஏறவில்லை. பிற்பகலில் ஸ்தலத் தலைவர்கள் கூடியபோது, தங்கள் பெயர் வெளியே தெரியக் கூடாதே என்று பாதிரிமார் சிலர் தயங்கினார்கள். ரயில் போர்ட்டர் சங்கத்தின் உள்ளூர்த் தலைவர் ஈ. டி. நிக்சன் விட்டாரா? (ஜனாதிபதி நிக்சன் அல்ல, இவர் நம்மவர்!) துணி வெளுக்கும் பெண்களின் காசில் வாழ்ந்துவிட்டு இப்போது பயமா என்று முகத்துக்கு நேரே கேட்டார்.

அன்றிரவு ஹோல்ட் தெரு சர்ச்சில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள். உள்ளே இடமில்லாதவர்கள் தெருவில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். பாட்டு, ஜெபம், வேத வாசிப்பு எல்லாம் உண்டு. பிறகு தீர்மானம் வந்தது: மரியாதையாக நடத்தும்வரை பஸ் ஏறுவதில்லை. கூட்டம் எழுந்து நின்று நிறைவேற்றியது.

381 நாள் ஏறவில்லை. சமையல்காரப் பெண்களும் கூலிக்காரர்களும் மைல் கணக்கில் நடந்தே வேலைக்குப் போனார்கள். 1956 டிசம்பர் 21-ந் தேதி பஸ் ஏறியபோது, முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.